ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியா? 7.5 சதவீத இடத்துக்குச் செட்டிநாட்டுப் பெற்றோர் செய்ய வேண்டியவை

உங்கள் வீட்டுப் பிள்ளை அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறதா? நல்ல மார்க்கும் எடுக்கும் என்று ஆசிரியர்கள் சொல்கிறார்களா? அப்படியானால் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் இதைப் படித்துவிடுங்கள். ரிசல்ட் வந்த வாரத்தில் பள்ளியில் சால்வை போடுவார்கள், எம்.எல்.ஏ. கையால் கேடயம் கிடைக்கும், பேப்பரில் போட்டோ வரும். பிள்ளைக்கு அது பெருமைதான், வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் அரசுப் பள்ளியில் படித்து மேலே வருகிற பிள்ளைக்குச் சட்டமன்றம் தந்திருக்கும் பெரிய அங்கீகாரம் வேறு இருக்கிறது. 2020-ல் மருத்துவப் படிப்புகளுக்கும், 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளுக்கும் 7.5 சதவீத இடத்தை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு என்றே ஒதுக்கிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது.

என் அண்ணன் மகளுக்காக நான் அலைந்தபோது, இதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. பள்ளியில் கேட்டால் தாலுகா ஆபீஸ் என்றார்கள், தாலுகா ஆபீசில் கேட்டால் பள்ளி என்றார்கள். அடுத்த பிள்ளையின் வீட்டார் அப்படி அலையக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். பொறியியலை வைத்து விவரமாகச் சொல்கிறேன். மற்ற படிப்புகளுக்கும் அடிப்படைக் காகிதங்கள் பெரும்பாலும் இவையேதான்.

1. முதலில் பள்ளி எந்த வகை என்று பாருங்கள்

நம் பக்கத்தில் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். செட்டிநாட்டில் ஊருக்கு ஊர் நகரத்தார் கட்டிக்கொடுத்த பள்ளிகள் இருக்கின்றன. வாசல் வளைவில் செட்டியார் பெயரோ ஆச்சி பெயரோ இருக்கும். அவற்றில் சில அரசிடம் ஒப்படைக்கப்பட்டு அரசுப் பள்ளியாகவே நடக்கின்றன. சில இன்னும் நிர்வாகத்தின் கையில், அரசு உதவி பெறும் பள்ளியாக நடக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. இரண்டிலும் இலவசப் பாடப்புத்தகம் கொடுக்கிறார்கள், சைக்கிள் கொடுக்கிறார்கள். ஆனால் 7.5 ஒதுக்கீடு அரசுப் பள்ளிக்கு மட்டும்தான், அரசு உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது. “ஃபீஸே கட்டலையே, அப்ப அது கவர்மென்ட் பள்ளிக்கூடம்தானே” என்று பலர் நம்பியிருப்பதை நானே பார்த்தேன்.

தெரிந்துகொள்வது எளிது. பிள்ளையின் பழைய மாற்றுச் சான்றிதழிலோ பள்ளி முத்திரையிலோ பள்ளியின் முழுப் பெயரைப் பாருங்கள். “அரசு மேல்நிலைப் பள்ளி”, “ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி”, “நகராட்சிப் பள்ளி” என்று இருந்தால் சரி. ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி போன்றவையும் அரசுப் பள்ளிக் கணக்கில்தான் வரும். பெயரில் “அரசு” என்ற சொல் இல்லாவிட்டால் தலைமை ஆசிரியரிடம் நேரடியாகவே கேட்டுவிடுங்கள்: “இது அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா?” இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஏழு ஆண்டும் அரசுப் பள்ளியாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு வருஷம் மெட்ரிக் பள்ளிக்குப் போய்த் திரும்பியிருந்தாலும் தகுதி போய்விடும். ஒரே ஒரு விலக்கு உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் தகுதி பெறுவார்கள். வருமான உச்சவரம்பு எதுவும் கிடையாது.

உங்கள் பிள்ளை உதவி பெறும் பள்ளியில் படித்திருந்தால் 7-ஆவது படிக்குப் போய்விடுங்கள். அங்கே உங்களுக்கும் ஒன்று இருக்கிறது.

2. படிப்புச் சான்றை டிசம்பரிலேயே தொடங்குங்கள்

ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தெந்தப் பள்ளியில் படித்தார் என்று தலைமை ஆசிரியர் தரும் சான்று இது. மற்ற எல்லாக் காகிதமும் இருந்து இது இல்லாவிட்டால் பிள்ளை பொதுப் பட்டியலில் மட்டும்தான் நிற்கும்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே பள்ளியில் படித்திருந்தால் வேலை அங்கேயே முடிந்துவிடும். நம் பக்கத்தில் அப்படி அமைவது குறைவு. ஊரில் நடுநிலைப் பள்ளி எட்டு வரைதான் இருக்கும். பிறகு பள்ளத்தூரோ, கோட்டையூரோ, காரைக்குடியோ போக வேண்டும். அதைவிடச் சிக்கல் ஒன்று உண்டு. செட்டிநாடு என்று நாம் சொல்வது ஒன்று, அரசாங்கத்தின் எல்லைக் கோடு வேறொன்று. கானாடுகாத்தான் சிவகங்கை மாவட்டம். பக்கத்திலேயே கடியாபட்டியும் ராயவரமும் புதுக்கோட்டை மாவட்டம், திருமயம் வட்டம். எங்கள் பிள்ளை அம்மாவைப் பெற்ற வீட்டில் இருந்து திருமயம் பக்கம் எட்டு வரை படித்தது, ஒன்பதிலிருந்து இந்தப் பக்கம். அதனால் இரண்டு மாவட்டத்திலும் காகிதம் வாங்க வேண்டியிருந்தது.

பழைய பள்ளிக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். அங்கே தலைமை ஆசிரியர் மாறியிருப்பார், பிள்ளையை யாருக்கும் ஞாபகம் இருக்காது. எல்லாம் சேர்க்கைப் பதிவேட்டில்தான் இருக்கும். இரும்பு பீரோவில் அட்டை கிழிந்த பெரிய நோட்டுகள் வருஷ வாரியாக அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சேர்க்கை எண், அதே எண் மாற்றுச் சான்றிதழின் மேல் பக்கத்திலும் இருக்கும். மாற்றுச் சான்றிதழ் ஜெராக்ஸ் கையில் இருந்தால் அந்த எண்ணை வைத்து ஐந்து நிமிஷத்தில் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். இல்லாவிட்டால் “நாளைக்கு வாங்கம்மா” என்றுதான் பதில் வரும். அது அவர்கள் குற்றம் இல்லை. ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளியில் வகுப்பை விட்டுவிட்டு எத்தனை நோட்டைப் புரட்டுவார்கள்?

மாற்றுச் சான்றிதழின் மூலப் பிரதி புதிய பள்ளியில் இருக்கும். அங்கே ஒரு ஜெராக்ஸ் கேட்டால் தருவார்கள்.

கூடவே எமிஸ் விவரத்தையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பிள்ளைக்கு ஓர் எண் இருக்கிறது. பெயர், பிறந்த தேதி, எந்த வருஷம் எந்தப் பள்ளி என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். ஒரு வருஷம் விடுபட்டிருந்தாலோ பள்ளி மாறிப் பதிவாகியிருந்தாலோ பள்ளி வழியாகத்தான் திருத்த முடியும். மார்ச்சில் பொதுத் தேர்வு தொடங்கிவிட்டால் ஆசிரியர்களைப் பிடிக்க முடியாது. அதனால்தான் டிசம்பர் என்கிறேன்.

சான்றை எந்தப் படிவத்தில் வாங்க வேண்டும், தலைமை ஆசிரியர் கையெழுத்து போதுமா, கல்வி அதிகாரியின் மேலொப்பமும் வேண்டுமா என்பது படிப்புக்குப் படிப்பு மாறும். அந்தந்த வருஷத்துத் தகவல் கையேட்டில் படிவம் இருக்கும். அதை அப்படியே பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள். மேலொப்பம் வேண்டுமென்றால் முதன்மைக் கல்வி அலுவலகம் சிவகங்கையிலோ புதுக்கோட்டையிலோதான். ஒரு நாள் வேலை அதற்கே போய்விடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

3. பெயரும் இனிஷியலும்

இதை அலட்சியம் செய்யாதீர்கள். நம் பக்கத்து இனிஷியல் ஓரெழுத்தோடு நிற்பதில்லை. அரு., சுப., பழ., ராம., வீர. என்று வரும். ஒரு காகிதத்தில் ‘ஏஆர்’, இன்னொன்றில் ‘ஏ’, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. கம்ப்யூட்டருக்கு அந்த மூன்றும் மூன்று ஆள்கள். சுவீகாரம் போன பிள்ளை என்றால் அப்பா பெயரே இரண்டு விதமாக இருக்கும்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஒத்துவரச் செய்யுங்கள். ஆதாரைத் திருத்துவது எளிது, மதிப்பெண் சான்றிதழைத் திருத்துவது கடினம். பிளஸ் டூவுக்குப் பெயர்ப் பட்டியல் தயார் செய்யும்போது பள்ளியில் மாணவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். “கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பார்” என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள்.

4. இ-சேவை மையமும் தாலுகா அலுவலகமும்

தேவையான வருவாய்த் துறைச் சான்று இரண்டுதான்.

சாதிச் சான்றிதழ்: பிள்ளையின் பெயரிலேயே இருக்க வேண்டும், அப்பாவுடையது செல்லாது. ஒருமுறை வாங்கினால் போதும், காலாவதி கிடையாது. எஸ்.சி. பிரிவுக்கு வட்டாட்சியரும், எஸ்.டி. பிரிவுக்குக் கோட்ட அளவிலான அதிகாரியும் தருகிறார்கள். காரைக்குடி வட்டத்துக்காரர்களுக்கு அது தேவகோட்டை. எஸ்.டி. சான்றுக்கு விசாரணை நீளும், பதினொன்றாம் வகுப்பிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

முதல் பட்டதாரிச் சான்றிதழ்: வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் இதையும் வாங்கி வையுங்கள். 7.5-ல் இடம் கிடைத்தால் இது தேவைப்படாமலும் போகலாம். ஆனால் பிள்ளை பொதுக் கலந்தாய்வில் வேறொரு கல்லூரியை எடுத்தால் அங்கே கட்டணச் சலுகைக்கு இதுதான் கைகொடுக்கும். ரேஷன் கார்டில் பெயர் உள்ள எல்லோருடைய படிப்பு விவரத்தையும் கேட்பார்கள். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே இந்தச் சலுகையை வாங்கியிருந்தால் இரண்டாவது பிள்ளைக்குக் கிடையாது.

இருப்பிடச் சான்று வேண்டும், வருமானச் சான்று வேண்டும் என்று மையத்தில் எல்லாவற்றையும் சேர்த்துப் போடச் சொல்வார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்த பிள்ளைக்குப் பொறியியல் கலந்தாய்வில் இருப்பிடச் சான்று தேவையில்லை. வருமானச் சான்று கல்வி உதவித்தொகைக்குத்தான். அது ஒரு வருஷம்தான் செல்லும் என்பதால் ரொம்ப முன்னாடி வாங்கி வைப்பதில் பிரயோஜனம் இல்லை.

கட்டணம் சான்றுக்கு 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று படிப்படியாகப் போகும். விண்ணப்பித்த கையோடு ரசீதை எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்துவிடுங்கள். அவர் மேசையில்தான் பெரும்பாலும் தேங்கும்.

இரண்டு எச்சரிக்கை. விண்ணப்பிக்கும்போது ஒரு செல்பேசி எண்ணுக்கு ஓடிபி வரும். நம் ஊரில் பாதி வீட்டில் அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிறார். முன்பு எதற்கோ அவருடைய இந்திய எண்ணைப் பதிவு செய்திருப்பார்கள், அந்த சிம் கார்டு இப்போது உயிரோடு இருக்காது. இங்கே இருக்கிற அம்மாவின் எண்ணுக்கு முதலிலேயே மாற்றிவிடுங்கள். ஆதாரிலும் அப்படியே.

அடுத்தது காலம். மே, ஜூனில் தாலுகா அலுவலகங்களில் ஜமாபந்தி நடக்கும். கிராம நிர்வாக அலுவலர்கள் கணக்கு நோட்டுகளோடு அங்கேயே இருப்பார்கள். அதே நாட்களில்தான் மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் சான்றுக்கு ஓடுவார்கள். ஜனவரியில் முடித்து, பிடிஎஃப்பை இமெயிலில் போட்டு வைத்துவிட்டால் மே மாதம் நிம்மதியாக இருக்கலாம்.

5. விண்ணப்பம்

பிளஸ் டூ ரிசல்ட் மே முதல் பாதியில் வருகிறது. பொறியியல் விண்ணப்பப் பதிவும் அதை ஒட்டியே திறந்து, ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கும். பதிவுக் கட்டணம் 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.சி.ஏ., எஸ்.டி. பிரிவினருக்கு 250. ஆக, இரண்டு சான்று, பதிவு எல்லாம் சேர்த்து அரசுக்குக் கட்டுவது 620 ரூபாய்தான். அதற்கு மேல் ஆயிரக்கணக்கில் கேட்டுச் “சீட் வாங்கித் தருகிறேன்” என்று வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். எம்.எல்.ஏ. சிபாரிசுக் கடிதமும் இங்கே வேலைக்கு ஆகாது. தரவரிசைக்குக் கணக்கில் வருவது கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குப் போடுகிற கட்-ஆஃப் மட்டும்தான்.

பிரவுசிங் சென்டரில் அவசரமாகப் போடுவதைவிட, அரசு அமைத்திருக்கும் சேவை மையத்துக்குப் போங்கள். காரைக்குடியில் அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் மையம் உண்டு. அங்கே உட்கார்ந்து போட்டுக்கொடுக்கப் பணம் வாங்குவதில்லை, தப்பு வந்தால் அங்கேயே கேட்டுச் சரிசெய்யலாம்.

படிவத்தில் அரசுப் பள்ளி ஒதுக்கீடு பற்றிய கேள்விக்கு “ஆம்” என்று கொடுத்து, ஆறிலிருந்து ஒவ்வொரு வகுப்புக்கும் வருஷம், பள்ளி, மாவட்டம் நிரப்ப வேண்டும். அந்தப் பக்கத்தைச் சமர்ப்பிக்கும் முன் பிரின்ட் எடுத்து, படிப்புச் சான்றோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் குறை இருந்தால் குறுஞ்செய்தி வரும், திருத்த நாள் கொடுப்பார்கள். தரவரிசைப் பட்டியல் வந்ததும் 7.5-க்கான தனி ரேங்க் பிள்ளைக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் குறை தீர்க்கும் நாட்களுக்குள்ளேயே மையத்துக்குப் போய்விட வேண்டும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று. பொறியியலுக்குப் போட்ட விண்ணப்பம் வேளாண்மைக்கோ கால்நடை மருத்துவத்துக்கோ சட்டத்துக்கோ செல்லாது. தனித்தனியாகப் போட வேண்டும், ஒவ்வொன்றிலும் 7.5-ஐக் குறிக்க வேண்டும். மருத்துவத்துக்கு நீட் எழுதித் தகுதி பெற்றிருக்க வேண்டும். நீட் விண்ணப்பம் பிளஸ் டூ தேர்வுக்கு முன்பே, பிப்ரவரி வாக்கில் வந்துவிடும். ரிசல்ட்டுக்குப் பிறகு மாநில மருத்துவக் கலந்தாய்வுக்கு மறுபடி ஒரு விண்ணப்பம் உண்டு, இதை மறந்தவர்கள் இருக்கிறார்கள்.

6. கல்லூரிப் பட்டியல் போடும்போது

கலந்தாய்வில் விருப்பமான கல்லூரிகளை வரிசையாக எழுதும் இந்த இடத்தில் பிள்ளையின் மதிப்பெண்ணை நாமே குறைத்து மதிப்பிட்டுவிடுகிறோம் என்பது என் உறுதியான எண்ணம். “பொம்பளப் பிள்ளை, காரைக்குடியோட நிக்கட்டும்” என்று நாலைந்து கல்லூரியை மட்டும் எழுதுகிறார்கள். காரைக்குடி அரசு கல்லூரி நல்ல கல்லூரிதான், அதை எழுதுங்கள். ஆனால் அதற்கு மேலே அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தையும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யையும் மதுரை, கோயம்புத்தூர்க் கல்லூரிகளையும் எழுதுங்கள். விடுதிச் செலவையும் அரசே ஏற்கும்போது, தூரம் என்பது நம் பயத்தில்தான் இருக்கிறது.

7.5-க்குள்ளும் 69 சதவீத இட ஒதுக்கீடு அப்படியே உண்டு. போன வருஷம் அந்தக் கல்லூரியில், அந்தப் பிரிவில், 7.5 ஒதுக்கீட்டின் கடைசி கட்-ஆஃப் என்ன என்று பாருங்கள். பொதுப் பட்டியலின் கட்-ஆஃப்பைப் பார்த்துப் பயந்து நல்ல கல்லூரியை விட்டுவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு, 7.5-ல் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

பட்டியலின் வரிசைதான் உங்கள் விருப்பம். மேலே எழுதியது கிடைத்துவிட்டால் கீழே இருப்பதைக் கேட்க முடியாது. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் இரண்டு நாளைக்குள் கலந்தாய்வு இணையதளத்துக்குள் போய் உறுதி செய்ய வேண்டும். அந்த நாட்களில் கோயில் திருவிழா, கல்யாணம் என்று எதுவும் வைத்துக்கொள்ளாமல், நெட் கிடைக்கிற இடத்தில் இருங்கள். கட்டணத்தை அரசு கட்டுவது 7.5-ல் கிடைத்த இடத்துக்குத்தான் என்பதை உறுதி செய்யும்போது மனதில் வையுங்கள்.

சேரும் நாளில் கல்லூரி அலுவலகத்தில் கட்டணம் கேட்டால், ஒதுக்கீட்டு ஆணையைக் காட்டுங்கள். 7.5 மாணவரிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று தொழில்நுட்பக் கல்வித் துறையின் உத்தரவு இருக்கிறது. எங்களிடம் ஒரு கல்லூரியில் “இப்ப கட்டுங்க, கவர்மென்ட் பணம் வந்ததும் திருப்பித் தர்றோம்” என்றார்கள். “எழுத்தில் கொடுங்க சார், கட்டுறோம்” என்று அண்ணன் சொன்னதும் பேச்சு நின்றுவிட்டது. நீங்களும் எழுத்தில் கேளுங்கள்.

7. மாதம் ஆயிரம் ரூபாய்

கலை, அறிவியல் கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு 7.5 கிடையாது, அந்தச் சட்டம் தொழிற்படிப்புக்கு மட்டும். ஆனால் புதுமைப் பெண் திட்டமும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் எல்லாப் பட்டப் படிப்புக்கும் உண்டு. பட்டயம், ஐ.டி.ஐ.க்கும் உண்டு. படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களோடு, உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இப்போது கிடைக்கிறது. நம் பக்கத்து உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு இது தெரியவில்லை. 7.5-ல் சேர்ந்த பிள்ளையும் வாங்கலாம்.

விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். முதல் வாரத்திலேயே அதற்கான பொறுப்பு ஆசிரியர் யார் என்று கேட்டு, எமிஸ் எண், ஆதார், மாற்றுச் சான்றிதழ், வங்கிப் புத்தக ஜெராக்ஸ் கொடுத்துவிடச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில், ஆதாரோடு இணைத்ததாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று கணக்கு இருந்தால், எதில் ஆதார் இணைந்திருக்கிறதோ அதில்தான் பணம் விழும். பணம் வரவில்லை என்று புகார் சொல்வதற்கு முன் அந்தப் பழைய கணக்கைப் பாருங்கள், பள்ளியில் உதவித்தொகைக்காகத் திறந்த கணக்காக இருக்கும்.